போர்வைத் துரையின் ஐந்து வருஷம்

ஜப்பான்காரன் காலத்தில் நான் கல்லூரியில் வரலாறு படித்தேன் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. சோற்றுக்கே வழியில்லாத காலத்தில் வரலாறாவது மண்ணாங்கட்டியாவது என்று சிரிக்கிறார்கள். படித்தேன் ஐயா. அலோர் ஸ்டாரில் படித்தேன். பாடாங் மேஹா பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து கல்லூரி வாசற்படியை மிதித்த முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். உயர்ந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

கல்லூரி என்றதும் தூண் வைத்த பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளைக்காரன் போனதும் மூடிக் கிடந்த ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் புதுப் பலகை மாட்டி, இது வாத்தியார்களை உருவாக்கும் கல்லூரி என்றார்கள். சண்டைக்கு முன்னால் நான் டவுன் பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்பு வரைக்கும் படித்திருந்ததால் பரீட்சை வைத்து எடுத்துக்கொண்டார்கள். மலாய்க்காரப் பையன்கள், சீனப் பையன்கள், டவுனில் கடை வைத்திருந்த தமிழர்களின் பிள்ளைகள் என்று நாற்பது பேர் இருந்தோம். தோட்டத்திலிருந்து வந்தவன் நான் ஒருவன். கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். அதனால் வெளிச்சம் வருவதற்குள் திடலில் நின்று, ஜப்பான் ராஜாவின் அரண்மனை இருக்கிற திசையைப் பார்த்துக் குனிந்து எழுந்து, உடற்பயிற்சி செய்து முடித்துவிடுவோம். பசியாறுவதற்கு அவித்த ஊபி, அதாவது மரவள்ளிக்கிழங்கு. மத்தியானமும் அதுவே, ராத்திரியும் அதுவே.

பாட நேரத்தில் பாதி ஜப்பானிய மொழிக்குப் போய்விடும். மீதியில் எனக்குப் பிடித்தது வரலாறு. உலக வரலாறு என்று ஒன்று, வட்டார வரலாறு என்று ஒன்று. உலக வரலாற்றுப் புத்தகம் பழைய இங்கிலீஷ் புத்தகம்தான். இங்கிலாந்து ராஜாக்கள் வருகிற பக்கங்களை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிவிட வேண்டும் என்று உத்தரவு. மரவள்ளி மாவுப் பசையால் நாங்களே ஒட்டினோம். கரப்பான்பூச்சிக்கு அந்தப் பசை ரொம்பப் பிடித்துப்போய், ஒரு மாதத்தில் தின்று தீர்த்தது. பக்கங்கள் தானாகப் பிரிந்துகொண்டன. நாங்களும் படித்துக்கொண்டோம்.

வரலாறு நடத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடிக்காரர், பயந்த சுபாவம். வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் பேசிக்கொண்டிருக்கிற வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஜப்பானிய எழுத்தைக் கரும்பலகையில் எழுத ஆரம்பித்துவிடுவார். ஆனால் கல்வெட்டு என்று வந்துவிட்டால் அவருக்குப் பயம் மறந்துவிடும். நாம் நிற்கிற இந்தக் கெடா மாநிலம்தான் பழைய கடாரம், ஜெராய் மலையைப் பார்த்துத்தான் கப்பல்கள் கரை கண்டன என்பார். சோழன் கடாரம் வென்றான் என்று அவர் சொன்னபோது, துணிக்கடைக்காரர் மகன் ஒருவன் தானே போய் வென்றவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான். எங்கள் தாத்தாவும் கப்பலில்தான் கடாரம் வந்தார், ஆனால் ஆடு மாடோடு அடித்தட்டில் வந்தார் என்று நான் சொன்னேன். அவனுக்கு அன்றிலிருந்து என்னைப் பிடிக்காது.

அந்தக் கல்வெட்டுக்களில் வருஷம் நம் மாதிரி எழுதியிருக்காது. இன்ன ராஜாவுக்கு ஆறாவது ஆண்டு, இன்னவனுக்குப் பதினோராவது ஆண்டு என்றுதான் இருக்கும். எந்த ராஜாவுக்குப் பின் எந்த ராஜா, ஒவ்வொருவனும் எத்தனை வருஷம் என்று ஒரு வரிசை போட்டால்தான் கணக்குப் புரியும். அதை அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். வரிசையை எங்கேயாவது ஒரு நிச்சயமான இடத்தில் ஆணி அடித்த மாதிரி நிறுத்த வேண்டும், அங்கிருந்து முன்னும் பின்னும் எண்ண வேண்டும் என்றார். பிறகு எல்லாவற்றையும் ஜப்பானிய ராஜ வருஷத்துக்கு மாற்ற வேண்டும். இங்கிலீஷ் வருஷத்தோடு அறுநூற்று அறுபதைக் கூட்டினால் அது வரும். அந்த வருஷத்துக்கு 2603 என்று பெயர். இன்னொன்றும் சொன்னார். ஒரு ராஜாவைப் பற்றி எல்லாரும் ஒரே மாதிரி சொன்னால் அந்த ராஜாவைச் சந்தேகப்படு. நாலு பேர் நாலு மாதிரி சொன்னால் ஆள் இருந்திருக்கிறான் என்று அர்த்தம்.

ஒரு நாள், அவரவர் பிறந்த இடத்தின் வரலாற்றை இரண்டு பக்கம் எழுதி வரச் சொன்னார். யான் என்கிற கடலோர ஊரிலிருந்து வந்த மலாய்க்காரப் பையன் கடலையும் நெல்வயலையும் பற்றி எழுதினான். நான் எங்கள் தோட்டத்தைப் பற்றி எழுதினேன். வகுப்பில் எழுந்து நின்று வாசித்தேன். "நாய்த் துரை ஆண்ட மூன்றாம் வருஷம் லயத்தில் பேதி வந்தது" என்று வாசித்ததும் தமிழ்ப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துணிக்கடைக்காரர் மகனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நாய்த் துரை ஆர் ஐசே? எந்த வம்சம்?" என்று வாத்தியாரும் சேர்ந்து சிரித்தார். ஐசே என்பது 'ஐ ஸே' என்கிற இங்கிலீஷ்தான், எல்லாரையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

எனக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்றே முதலில் புரியவில்லை. எங்கள் தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள். பிறந்த தேதி, வருஷம் என்று யாருக்கும் ஒன்றும் தெரியாது. தோட்டத்து மானேஜரைத் துரை என்போம். ஒவ்வொரு துரைக்கும் பட்டப்பெயர் உண்டு. முதலில் வந்து காட்டை அழித்தவர் காட்டுத் துரை. ஏழு நாய் வளர்த்தவர் நாய்த் துரை. குள்ளமாக இருந்து, ரப்பர்ப் பால் சேர்க்கிற பால் ஸ்டோரைக் கட்டியவர் கட்டைத் துரை. பிறகு நெட்டைத் துரை, சீட்டியடித்துக்கொண்டே மலை சுற்றிய சீட்டித் துரை. கடைசியாக வந்தவருக்கு வேறொரு பெயர் இருந்தது. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் காரில் ஏறிப் பறந்ததிலிருந்து அவர் ஓடிப்போன துரை. பிள்ளை பிறந்ததும் கல்யாணம் ஆனதும் செத்ததும் துரை கணக்கில்தான். அவர்கள் எங்களை ஆண்டார்கள்தானே? ஆண்டான் என்று எழுதினால் அதில் என்ன சிரிப்பு?

கோபம் வந்தால் எனக்கு வேலை ஓடும். அந்த மாதம் ஊருக்குப் போனபோது ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாகப் போனேன். ஆண்களைக் கேட்டுப் பிரயோஜனமில்லை, சண்டை போட்டுக்கொள்வார்கள். பெண்களைக் கேட்டேன். "எம் மூத்தவன் கட்டைத் துரை வந்த மறு மாசம் பொறந்தான் தம்பி" என்பார்கள். அவ்வளவு சுத்தமான கணக்கு. ஒவ்வொரு துரை இருந்தபோதும் எத்தனை மாரியம்மன் திருவிழா நடந்தது என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணிச் சொன்னார்கள். நெட்டைத் துரைக்கு எட்டு திருவிழா, அதற்கு மேல் யாரும் இருந்ததில்லை. ஆணி அடிப்பதற்கும் ஓர் இடம் கிடைத்தது. பால் ஸ்டோர் சுவரில் கட்டைத் துரை கட்டிய வருஷத்தைச் சிமெண்டில் செதுக்கி வைத்திருந்தார். அங்கிருந்து முன்னும் பின்னும் எண்ணி, துரைகளின் வரிசையைப் போட்டு, எல்லாவற்றையும் ராஜ வருஷத்துக்கு மாற்றி, ஜப்பானிய எழுத்தில் பெரிய தாளில் எழுதி வாத்தியாருக்குக் காட்டினேன். சோழ வரிசை பாண்டிய வரிசைக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. இன்றைக்கும் சொல்வேன், என் கையால் செய்ததில் அவ்வளவு நேர்த்தியான வேலை வேறு கிடையாது.

அடுத்த மாதம் ஊருக்குப் போனபோது லயத்தில் யார் முகத்திலும் ரத்தம் இல்லை. சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுக்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் பதினெட்டு வயதிலிருந்து நாற்பத்தைந்து வயது வரைக்கும் உள்ள ஆண்கள் பட்டியலை இரண்டு வாரத்தில் கொடுக்க வேண்டும் என்று கிராணிக்கு உத்தரவு. கிராணி என்றால் ஆபீஸ் கணக்குப்பிள்ளை. துரை ஓடிய பிறகு தோட்டம் அவர் கையில்தான் இருந்தது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து முன்பே போனவர்களில் இரண்டு பேர் காட்டு வழியாகத் தப்பி வந்து, அங்கே ஆட்கள் பேதியிலும் காய்ச்சலிலும் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். நான் கல்லூரி மாணவன், என் கையில் அட்டை இருந்தது, என்னைத் தொட மாட்டார்கள். என் அப்பாவுக்கு நாற்பத்திரண்டு.

அது எனக்குத் தெரியும், ஏனென்றால் கணக்குப் போட்டவனே நான். காட்டுத் துரை காட்டை எரித்த மறு வருஷம், அப்பா இடுப்புக் குழந்தையாகத் தோட்டத்துக்கு வந்தார். என் தாள் அவரை நாற்பத்திரண்டு என்றது. நாலு வயது கூடுதலாக இருந்திருந்தால் தப்பியிருப்பார். அன்றைக்கு முழுக்க அந்தத் தாளை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தோட்டத்தில் வயதுக்கு வேறு எந்தச் சாட்சியமும் கிடையாது. ஓடிப்போன துரை ஓடுவதற்கு முன் ஆபீஸ் தாள்களை எல்லாம் பால் ஸ்டோருக்குப் பின்னால் போட்டு எரித்துவிட்டார். ஆளாளுக்கு ஐம்பது, அறுபது என்று சொன்னால் ஜப்பான்காரன் கன்னத்தில் அறைந்து லோரியில் ஏற்றுவான். ஆனால் அவனுடைய வருஷத்தில், அவனுடைய எழுத்தில், ஒரு வரிசை இருந்தால்? பால் ஸ்டோர் சுவரில் உள்ள வருஷத்தை மாற்ற முடியாது. அதற்குப் பிறகு பிறந்தவர்களின் வயது அசையாது. அது நல்லதுதான், இல்லையென்றால் பதினாறு வயதுப் பையன்கள் பதினெட்டைத் தாண்டிவிடுவார்கள். அதற்கு முன்னால் உள்ள காலத்தை எதுவும் பிடித்து வைத்திருக்கவில்லை. நாய்த் துரைக்கும் கட்டைத் துரைக்கும் நடுவில் நான் இன்னொரு துரையைப் போட்டேன். ஐந்து வருஷம் கொடுத்தேன். அதற்கு முன் பிறந்த எல்லாருக்கும் ஐந்து வயது கூடியது. அப்பாவுக்கு நாற்பத்தேழு ஆனது.

அந்தத் துரை ஏன் ஒன்றையும் கட்டவில்லை, ஏன் ஒரு மரத்தையும் நடவில்லை என்று கேட்பார்களே. அதனால் அவரை நோயாளி ஆக்கினேன். வந்த நாளிலிருந்து மலேரியா. பங்களா வராந்தாவில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தே ஐந்து வருஷத்தையும் ஓட்டிவிட்டு ஊருக்குக் கப்பலேறிப் போய்விட்டார். போர்வைத் துரை என்று பெயர் வைத்தேன்.

அப்பாவிடம் சொன்னதும் அவர் கையில் இருந்த கிழங்கைக் கீழே வைத்துவிட்டார். என் அப்பா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் பால் வாளியில் ஒரு கை தண்ணீர் ஊற்றி எடை கூட்டிய காலத்திலும் தண்ணீர் கலக்காத ஆள்.

"பொய் எழுதவாடா ஒன்னைய படிக்க அனுப்புனேன்?" என்றார்.

"ஒங்க உயிருக்குத்தான்ப்பா எழுதுறேன்."

"எனக்கு வேணாம். போறவங்களோட நானும் போறேன். மாரியாத்தா இருக்கா."

"மாரியாத்தா இங்கதான் இருக்கா. சயாமுக்கு வர மாட்டா" என்றேன். அப்பா கையை ஓங்கினார். அம்மா நடுவில் வந்து நின்று, "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். வாயத் தொறக்காம இருங்க, அது போதும்லா" என்றார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு அவர் மேல் அப்படி ஓர் ஆத்திரம். அதே அளவுக்குப் பெருமையும் இருந்தது, அதை அப்போது ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

விஷயம் லயம் முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அவர் புருஷன் எனக்கு அண்ணன் முறை, சின்ன வயதில் என்னைத் தோளில் வைத்துத் திருவிழா காட்டியவர். நாய்த் துரை காலத்தில் பிறந்தவர், முப்பத்தாறு வயது. என் புதுக் கணக்கில் நாற்பத்தொன்று.

"தம்பி, அந்தத் தொரைய பத்து வருஷம் ஆக்க முடியாதா?" என்று அக்கா கேட்டார்.

நான் அவருக்கு வரலாறு நடத்தினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது இப்போது. எந்தத் துரையும் எட்டு வருஷத்துக்கு மேல் இருந்ததில்லை அக்கா, ஒரு நோயாளி பத்து வருஷம் இருந்தான் என்றால் யார் நம்புவார்கள், ஒரு பொய் மாட்டினால் எல்லாரும் மாட்டுவோம் என்று வரிசையாகச் சொன்னேன். சொன்னது எல்லாம் சரி. அக்கா கேட்டுக்கொண்டே நின்றார். "நீ படிச்சவன், ஒனக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அலோர் ஸ்டாருக்குத் திரும்பியதும் வாத்தியாரிடம் தாளை நீட்டி, என் வட்டார வரலாறு, கல்லூரிச் சாப்பு வேண்டும் என்றேன். சாப்பு என்றால் முத்திரை. சிவப்பு மையில் சதுரமாக, அவர் மேசை மேல்தான் இருக்கும். அவர் விரலை வைத்து ஒவ்வொரு துரையாக வந்தார். போன மாதம் பார்த்த வரிசைதான். போர்வைத் துரையில் விரல் நின்றது.

"இவர் ஆர்? போன முறை இல்லையே."

"காய்ச்சல் சார். வெளியவே வரல. அதான் விட்டுப்போச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சயாமுக்கு ஆள் எடுப்பது அவருக்கும் தெரியும். வராந்தாவை ஒரு தரம் பார்த்தார். சாப்பை எடுத்துக் குத்தினார். "ஐசே, இந்த ஆளைப் பற்றி நான் ஒண்டும் கேக்கேல்லை" என்று சொல்லிவிட்டு, சத்தம் போட்டு ஜப்பானிய எழுத்து நடத்தப் போய்விட்டார். அந்தப் பயந்தாங்கொள்ளி மனிதர் அன்றைக்குச் செய்தது சின்ன வேலை இல்லை.

ஆள் எடுக்க வருகிற நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே ஊருக்கு வந்துவிட்டேன். சுங்கை பட்டாணி வரைக்கும் ரயில், அதற்குப் பிறகு டயருக்குப் பதில் ரப்பர் குழாய் மாட்டிய சைக்கிள். வந்ததும் மாரியம்மன் கோயில் முன்னால் ஆட்களைக் கூட்டிப் பாடம் நடத்தினேன். எல்லாரும் ஒரே மாதிரி சொல்லக்கூடாது என்றேன். நீ அவரைப் பார்த்ததே இல்லை என்று சொல். நீ போர்வை சிவப்பு என்று சொல், நீ கறுப்பு என்று சொல். அவர் போனது மாட்டு வண்டியில் என்று ஒருத்தர், குதிரை வண்டியில் என்று ஒருத்தர். அரை மணி நேரத்தில் எங்கள் சனம் என்னையே மிஞ்சிவிட்டது. அவர் கஞ்சன் என்றார் ஒருவர். இல்லை, தீபாவளிக்கு வேட்டி கொடுத்தார் என்று இன்னொருவர் சண்டைக்குப் போனார். துரையே இல்லை, அவருக்கு வேட்டி எங்கிருந்து வந்தது என்று நான்தான் விலக்கிவிட வேண்டியிருந்தது. அப்பா கோயில் பக்கமே வரவில்லை.

ஆள் எடுக்க வந்தவன் ஒரு சார்ஜன்ட். கூட நாலு சிப்பாய், இரண்டு லோரி. காலையில் வேலைக்கு ஆள் பிரிப்பதற்குக் கூடுவதைப் பெரட்டு என்போம், அந்தத் திடலிலேயே ஆண்களை வரிசையாக நிறுத்தினார்கள். நான் முன்னால் போய், இடுப்பு வரைக்கும் குனிந்து நிமிர்ந்து, கல்லூரியில் கற்ற ஜப்பானிய மொழியில் தாளை வாசித்தேன். சார்ஜன்டுக்கு ஆச்சரியம். தோட்டத்துக் கறுப்புப் பையன் அவன் ராஜ வருஷத்தைப் பிழையில்லாமல் சொல்கிறான். தாளை வாங்கிச் சிவப்புச் சாப்பைப் பார்த்தான். கிராணி என் கணக்குப்படி வயது போட்டு எழுதியிருந்த பட்டியலையும் தாளையும் ஒப்பிட்டுத் தலையாட்டினான். பிறகு என்னைத் தள்ளிப் போய் நிற்கச் சொன்னான். முட்டாள் இல்லை அவன். நானே எழுதி நானே மொழிபெயர்த்தால் ஆகாது என்று, தெரிந்த கொஞ்சம் மலாயில் அவனே கேட்க ஆரம்பித்தான். மலாய் எங்கள் ஆட்களுக்கும் தெரியும்.

முதலில் கிராணியைக் கேட்டான். இந்த ஐந்தாண்டுத் துரை யார்? நான் யோசிக்காமல் விட்ட இடம் அதுதான். லயத்து ஆட்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த நான், ஆபீஸ்காரர் பார்த்துக்கொள்வார் என்று கிராணியை விட்டுவிட்டேன். அவர் தோட்டத்துக்கு வந்தது நெட்டைத் துரை காலத்தில்தான். எனக்கு முன்னால் நடந்தது, தெரியாது என்று சொன்னாலே போதும். பயத்தில் அந்த மனிதர், "துரை... துரை..." என்று இரண்டு தரம் சொல்லி வாயடைத்துப் போய் நின்றார். சார்ஜன்ட் அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டான். என் வரிசையும் என் சாப்பும் என் அப்பாவும் அந்த நிமிஷத்தில் போய்விட்டார்கள் என்றே நினைத்தேன்.

வரிசையிலிருந்து ஓர் அடி முன்னால் வந்தது பக்கத்து வீட்டு அண்ணன். அவருக்கு இதில் எந்த லாபமும் இல்லை. நாற்பத்தொன்று ஆனாலும் முப்பத்தாறு ஆனாலும் அவர் லோரியில் ஏற வேண்டியவர்தான்.

"சாக்கிட் துவான்" என்றார். நோயாளி ஐயா. "நான் சின்னப் பையனா இருந்தப்ப வராந்தாவுல பாத்திருக்கேன். போர்வைய மூடிக்கிட்டு உக்காந்திருப்பாரு. நாங்க வேலிக்கு வெளிய நின்னு, அவரு நடுங்குற மாதிரி நடுங்கிக் காட்டுவோம். ஒரு நாள் செருப்ப எடுத்து எறிஞ்சாரு." அதை மலாயில் சொல்லி, நடுங்கியும் காட்டினார்.

சிப்பாய் ஒருவன் சிரித்துவிட்டான். சார்ஜன்ட் சிரிக்கவில்லை. வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தான். நேராக என் அப்பா முன்னால் போய் நின்றான். ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தான் என்று தெரியாது. பொய் சொல்லத் தெரியாத முகம் என்று பார்த்ததும் கண்டுபிடித்தானோ என்னவோ. இவன் சொல்வது உண்மையா என்று அண்ணனைக் காட்டிக் கேட்டான்.

அப்பா அண்ணனைப் பார்த்தார். இல்லை என்றால் அண்ணனை அங்கேயே அடித்து நொறுக்குவார்கள். வாயைத் திறக்காமல் நின்றாலும் அதேதான். அம்மா சொல்லிக்கொடுத்த வழி அடைபட்டுப் போயிற்று. அப்பா கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

"உண்மைதான் துவான். எங்கம்மாதான் அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் குடுத்துச்சு. உப்பு இல்லைன்னு திட்டுவாரு."

நான் சொல்லிக்கொடுத்ததில் கஞ்சியும் இல்லை, உப்பும் இல்லை. அவராகவே சொன்னது. சார்ஜன்ட் அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பட்டியலில் நாற்பத்தைந்தைத் தாண்டிய பெயர்களைப் பென்சிலால் அடித்தான். அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. கோயிலுக்குப் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகும் அந்தக் கஞ்சியைப் பற்றி அவரிடம் பேச எனக்குத் துணிவு வந்ததில்லை.

பதினோரு பேர் தப்பினார்கள். என் அப்பா அவர்களில் ஒருவர், இன்னும் இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்து என் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சினார். சண்டை முடிந்த பிறகு நான் முறையான கல்லூரிக்குப் போய் மறுபடியும் வரலாறு படித்தேன், ஆயுசு முழுக்க அதையே நடத்தினேன். உண்மையைத் தவிர எதையும் எழுதாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் இல்லாத ஒருவரை ஐந்து வருஷம் ஆள வைத்ததற்காக ஒரு நாளும் நான் தலைகுனிந்ததில்லை. நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்கிறேன். பரீட்சையில் வாங்கிய மார்க்கு எதுவும் எனக்கு அதற்குச் சமம் இல்லை.

லோரி கிளம்பியது மத்தியானம். ஏறியவர்கள் முப்பத்துநாலு பேர். அவர்களில் ஆறு பேர்தான் திரும்பி வந்தார்கள், அண்ணன் வரவில்லை. ஆனால் அது பின்னால் தெரிந்தது. அன்றைக்கு அவர் லோரியின் பின்பலகையில் கையை வைத்து நின்று, என்னைப் பார்த்து இன்னொரு தரம் நடுங்கிக் காட்டிவிட்டுச் சிரித்தார். லோரி தோட்டத்துப் பாதையிலிருந்து பெரிய சடக்கில் ஏறித் திரும்பி, மரங்களுக்குப் பின்னால் மறைகிற வரைக்கும் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அக்கா என் பக்கத்தில் நின்றார். அவர் அழவில்லை, என் மேல் கோபப்படவும் இல்லை. உண்மையிலேயே இருந்துவிட்டுப் போன ஓர் ஆளைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் சொன்னார்.

"அந்தப் போர்வத் தொரை இன்னும் ஒரு அஞ்சு வருஷம் இருந்துட்டுப் போயிருக்கலாம்லா தம்பி."

எனக்கு மறு பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.